பனி படுக்கும் இடம் பார்த்துச் செடி வை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பாதைக்குக் கீழே, ஒரு பள்ளத்தின் விளிம்பில் எங்கள் வீடு. 7 பேர்ச் காணி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்திலிருந்தே ஆசிரியர் வேலைக்கும் போன எனக்கு, சொந்தமாக ஒரு வாசல் கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பா முப்பது வருஷம் பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தவர். மார்கழி மாதம் துரை வீட்டு வாசலில் பூ குலுங்கும். எங்கள் லயத்து வாசலில் துணி காயும். எந்தச் செடியை எப்போது வைப்பது, எதை எங்கே வைப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை.

புது வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மார்கழி பஜனைக்கு நம்ம வாசல்ல இருந்து பூ போகணும், புள்ள." சின்ன ஆசை. அதை நிறைவேற்ற எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது.

முதல் தப்பு, ஏப்ரலில் செடி வாங்கியது. ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பிலிருந்து வரும் கூட்டம். செடி வளர்த்து விற்கும் தவறணைக்காரர்கள் எல்லாச் செடியையும் அந்த ஒரு மாதத்துக்கென்றே தயார் செய்து வைத்திருப்பார்கள். நான் பூவைப் பார்த்து மயங்கி, பிகோனியா, ஃபியூஷியா, காசித்தும்பை, டாலியா என்று பதினான்கு சட்டி தூக்கிக்கொண்டு வந்தேன். ஏப்ரலில் பூத்த செடி டிசம்பரிலும் பூக்குமா என்று நானும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. மே மாதம் தொடங்கிய மழையில் பாதி அழுகியது. மிச்சத்தை ஒரு ஜனவரிக் காலை முடித்து வைத்தது.

அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. முந்தைய இரவு வானம் கண்ணாடி மாதிரி துடைத்திருந்தது. காற்று ஒரு துளி இல்லை. விடிந்து கதவைத் திறந்தால் புல் எல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. அழகுதான், பிள்ளைகள் சுரண்டி உருட்டி விளையாடினார்கள். எட்டு மணிக்கு வெயில் வந்தது. ஒன்பதரைக்கு என் பிகோனியாக்கள் வெந்த கீரை போல் சரிந்து கிடந்தன. டாலியா கறுத்துவிட்டது. கிழங்கு மண்ணுக்குள் பிழைத்துக்கொண்டு பிறகு துளிர்த்தது என்றாலும், அந்த மார்கழி போனது போனதுதான்.

அடுத்த வருஷம் வேறு வழியில் ஏமாந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த சின்னம்மா மகள் டியூலிப், டாஃபோடில் கிழங்குகள் கொஞ்சம் கொண்டுவந்து, "அக்கா, இதெல்லாம் குளிர் நாட்டுப் பூ, உங்க ஊருக்குச் சரியா இருக்கும்" என்று கொடுத்தாள். குளிர் நாட்டுப் பூவுக்குக் குளிர் ஊர், கணக்குச் சரிதானே என்று நட்டேன். டாஃபோடில் இலை விட்டது, பூ இல்லை. டியூலிப்பில் இரண்டு இலை கட்டை விரல் உயரத்துக்கு எழும்பி நின்றுவிட்டன. பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கிழங்குகளுக்கு மூன்று மாதம் போல இரவும் பகலும் விடாத குளிர் வேண்டும், 9 பாகைக்கும் கீழே. நமக்கு இரவில்தான் நடுக்கம். விடிந்து பத்து மணியானால் கம்பளியைக் கழற்றிவிடுகிறோம். நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை. குளிர்காலத்தில் பூக்கும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும் பனித்துளிப் பூ போன்றவற்றுக்கும் இதே கதைதான். அங்கே நிலம் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கிறது. இங்கே புல்லின் நுனி சில மணி நேரம் உறைகிறது. இரண்டையும் குளிர்காலம் என்ற ஒரே சொல்லால் அழைப்பதில் வந்த வினை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் செடி, கிழங்கு எதையும் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அவளிடம் சொல்லிவிட்டேன், இனி சொக்லேட் போதும் என்று.

சரி, நமக்கு என்னதான் பூக்கும்? இதற்கு எனக்குப் பதில் சொன்னது புத்தகம் இல்லை, ஜனவரி மாதம். அந்த மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒதுக்கி நடந்தேன். ஒரு சனி நகரத்து விக்டோரியா பூங்கா. அடுத்த சனி பதுளைப் பாதையில் சீத்தா எலிய சீதையம்மன் கோவிலைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஹக்கல தாவரவியல் பூங்கா. 1861இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம் அது, பூந்தோட்டமானது பிறகு. கொப்பியில் ஒரு பக்கம் பூத்திருப்பவை, மறுபக்கம் கருகியிருப்பவை. போகிற வழியில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த வீட்டுத் தோட்டங்களையும் எழுதினேன். இரண்டு நாய் துரத்தியது. ஆனால் அந்த இரண்டு பக்கம்தான் இன்றுவரை என் செடிக் கணக்கு. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஜனவரியில் எது பூத்து நிற்கிறதோ அதைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் கண்காட்சியைப் பாருங்கள், ரசியுங்கள், காசை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் செடி சரியாக இருந்தும் எனக்கு ஒரு வருஷம் தோற்றது. காரணம் என் மதில். காணியின் கீழ்ப் பக்கம் மண் சரியாமல் இருக்கட்டும் என்று கல் வைத்து நெஞ்சளவுக்கு ஒரு சுவர் எழுப்பியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிற பழைய விவசாயி. அவருடைய பாத்தி பச்சையாக இருக்க, ஒரே சரிவில் பத்தடி தள்ளி என் பாத்தி மட்டும் வெளுத்துக் கிடந்தது. அவர் வந்து பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர், குளிர் தண்ணி மாதிரிதான். மேலருந்து கீழ எறங்கும். நீங்க கீழ அண கட்டித் தேக்கி வச்சிருக்கீங்க."

அவ்வளவுதான் விஷயம். தெளிந்த, காற்றில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கிற லயத்தில் ஒன்றுமில்லாமல், கீழே ஆற்றோரத்துப் பாத்தியில் பனி விழும். வானிலைச் செய்தியில் 4 பாகை என்று சொல்லும்போதே நம் புல்லில் பனி இருப்பதும் இதனால்தான்; அவர்கள் அளப்பது ஆள் உயரத்துக் காற்றை, செடி படுத்திருப்பது தரையில். மேகம் மூடிய இரவில், காற்று வீசும் இரவில் பயமே இல்லை.

சுவரின் அடியில் இரண்டு இடத்தில் கல்லை எடுத்து ஓட்டை விட்டோம். நம்ப மாட்டீர்கள், அடுத்த பனியில் வெள்ளை பாதியாகக் குறைந்தது. அப்புறம் அவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு வேலை: பனி விழுந்த முதல் காலையில், வெயில் வருமுன், வெள்ளை படிந்த எல்லையில் குச்சி நட வேண்டும். நான் தேயிலைக் குச்சிகளை நட்டு வந்தேன். வருஷா வருஷம் கிட்டத்தட்ட அதே இடம்தான். கூரை விளிம்புக்கு அடியில் படியாது. வீட்டுச் சுவரை ஒட்டிப் படியாது, பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் விடுகிறது. சவுக்கு மரத்தின் கொப்புகளுக்குக் கீழே படியாது. குச்சிக்கு அந்தப் பக்கம் பனி தாங்கும் செடி, இந்தப் பக்கம் தாங்காத செடி. இதற்கு மேல் ஒரு தோட்டத் திட்டம் எனக்குத் தேவைப்படவில்லை.

இனி செடிகள். எனக்கு மிகப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன், கமேலியா. முதல் கன்றைக் கொண்டுவந்து வைத்ததும் அம்மா இலையைத் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. "அடியே, இது நம்ம தேயிலதான? இதையா காசு குடுத்து வாங்கிட்டு வந்த?" அம்மா சொன்னதில் தப்பே இல்லை. தேயிலையின் தாவரப் பெயரே கமேலியா சினென்சிஸ். இது அதன் அழகுச் சகோதரி. கொழுந்து எடுக்காமல், கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலையும் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாய்ப் பூக்கத்தான் செய்யும். வேலைக்குப் போகும் அவசரத்தில் யார் அதைப் பூ என்று பார்த்தார்கள்?

சொந்தக்காரி என்பதால் மண்ணும் அதே மண். புளிப்பு மண், அதாவது பி.எச். 4.5 முதல் 5.5 வரை. நமக்கு அது ஓசியில் கிடைத்திருக்கிறது. நானோ மரக்கறிப் பாத்திக்குப் போடுகிற பழக்கத்தில் இதற்கும் மண்ணின் புளிப்பைக் குறைக்கிற டொலமைட் ஒரு கை தூவினேன். இரண்டு மாதத்தில் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகிவிட்டது. மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேயிலை மலையிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் போட்டுத்தான் தேற்றினேன். கமேலியாவுக்கும் அசேலியாவுக்கும் சுண்ணாம்பு, டொலமைட், அடுப்புச் சாம்பல் மூன்றும் ஆகாது.

இன்னொரு விஷயம், கமேலியாவைக் கிழக்குப் பார்த்து வைக்காதீர்கள். பனி பிடித்த மொட்டு மெதுவாக உருகினால் பிழைக்கும். விடிந்ததும் வெயில் நேரே பட்டால் பழுப்பாகிக் கொட்டிவிடும். என்னுடையது வீட்டுக்கு மேற்கே, பத்து மணிக்குமேல் வெயில் வரும் இடத்தில். அதற்குமுன் அதை உதிர வைத்தது தண்ணீர்ப் பஞ்சம். ஜனவரி, பெப்ரவரியில் நமக்கு மழை குறைவு. மேலே குளிராக இருப்பதால் மண் காய்ந்திருப்பதே தெரியாது. மொட்டு பட்டாணி அளவில் இருக்கும்போது ஒரு வாரம் வேர் காய்ந்தால் போதும், திறக்காமலே விழும். வேரைச் சுற்றி மானாப்புல் மூடாக்கு, வாரம் இரண்டு முறை பீலித் தண்ணீர். மெதுவாக வளரும் செடி. மூன்றாவது வருஷம்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி பூத்தது. பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

பஜனைக்குப் பூ தந்தது உண்மையில் செவ்வந்தி. அதற்கு வேண்டியது நீண்ட இரவு. நம் தீவில் ஜூன் மாதப் பகல் சுமார் பன்னிரண்டரை மணி நேரம், டிசம்பரில் பதினொன்றே முக்கால். வித்தியாசம் முக்கால் மணிதான். நமக்குத் தெரியாது, செவ்வந்திக்குத் தெரியும். பூத்து முடிந்த பின் பெப்ரவரி, மார்ச்சில் அடியிலிருந்து வரும் பக்கக் கன்றைப் பிரித்து நடுங்கள். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், கிளை வரும், கிளையையும் கிள்ளுங்கள். நான் ஓகஸ்ட் கடைசியோடு கிள்ளுவதை நிறுத்திவிடுவேன். ஒரு வருஷம் நவராத்திரி வரை கிள்ளிக்கொண்டே இருந்து, பூ பொங்கலையும் தாண்டி வந்தது. பெரிய பூ ரகங்கள் டிசம்பர் மழையில் தண்ணீர் குடித்துத் தலை தொங்கி அழுகும். சின்னப் பொத்தான் செவ்வந்திதான் மலைக்கு ஏற்றது. சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ வைப்பது வழக்கம். பூசணிக்கொடி இங்கே பனியில் கருகிவிடும், அம்மா பிள்ளையாருக்கு மஞ்சள் செவ்வந்தி வைத்துவிடுவார். பிள்ளையார் ஒன்றும் சொன்னதில்லை.

நீண்ட இரவு என்றேனே, அதில் ஒரு வேடிக்கை. பாதையோரம் புதிதாக ஒரு விளக்குக் கம்பம் வந்தது. அந்த வருஷம் கம்பத்துப் பக்கம் இருந்த செவ்வந்திகள் மொட்டே வைக்கவில்லை, வீட்டு நிழலில் நின்றவை பூத்துக் குலுங்கின. நத்தார் காலத்துப் பாயின்செட்டியாவும் அப்படித்தான். ஒரே செடியில் ஒரு பக்கம் சிவப்பு, விளக்கைப் பார்த்த பக்கம் பச்சை. இரண்டுமே இருட்டை எண்ணிப் பூக்கிற செடிகள். ஒக்டோபர் தொடங்கி இரண்டு மாதம் இரவில் வெளிச்சம் படாத இடம் கொடுக்க வேண்டும். எனக்கோ வீட்டுப் பின்பக்கச் சுவரோரம் இரண்டுக்கும் இடமிருந்தது. பாயின்செட்டியா பனி தாங்காது என்பதால் அதற்கு அந்தச் சூடான சுவர் எப்படியும் தேவை. அதன் பாலைக் கையில், கண்ணில் படவிடாதீர்கள், எரியும்.

விதையிலிருந்து வளர்ப்பவற்றில் பேன்சி, வயோலா, அன்டிரைனம், ஸ்டொக் நான்கும் வெறும் பனிக்கு அசையாதவை. காலையில் பேன்சி தலை குனிந்து விறைத்துக் கிடக்கும், செத்துவிட்டது என்று நினைப்போம், பத்து மணிக்கு எழுந்து முகத்தைக் காட்டும். அன்டிரைனம் என்பது பிள்ளைகள் பக்கவாட்டில் அழுத்தி வாய் பிளக்க வைக்கிற பூ. இவற்றில் எல்லோரும் விடுகிற தப்பு, குளிர் தொடங்கிய பின் விதைப்பது. பேன்சி விதையிலிருந்து பூவுக்கு வர நம் குளிரில் மூன்றரை மாதம் போகும். மார்கழியில் பூ வேண்டும் என்றால் ஓகஸ்ட் கடைசியில் விதைத்தாக வேண்டும். அப்போது மழை அடித்துக்கொண்டிருக்கும். பாத்தியில் விதைத்தால் நாற்று அடியழுகிச் சாயும். கூரைக்குக் கீழே தட்டில் விதைத்து, பேன்சி முளைக்கும்வரை பத்திரிகைத் தாளால் மூடுங்கள், அதற்கு இருட்டில்தான் முளைப்பு நன்றாக வரும். முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் மறந்தால் நூல் மாதிரி நீண்டு படுத்துவிடும். மறந்திருக்கிறேன்.

ரோஜாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒக்டோபர் முதல் வாரம் வெட்டினால் எனக்கு டிசம்பர் நடுவில் பூக்கிறது. கீழ்நாட்டில் இதைவிடச் சீக்கிரம் வரும். வடிகான் ஓரத்தில் நீர் நிற்கிற இடத்துக்கு ஆரம் லில்லி. கடும் பனியில் இலை கருகினாலும் கிழங்கு மறுபடி எழும்பும். ஹைட்ரேஞ்சியாவைக் குளிர்காலப் பூ என்று வாங்காதீர்கள், ஜனவரியில் அதை வெட்டவும் வேண்டாம். அடுத்த பூ அந்தத் தண்டின் நுனி மொட்டிலேயே இருக்கிறது. காய்ந்த பழைய பூங்கொத்து அதற்குத் தொப்பி. பெப்ரவரி தாண்டட்டும். புளிப்பு மண் என்பதால் நமக்கு அது நீலமாகப் பூக்கும். என் சீமெந்துச் சுவரோரம் நிற்பது மட்டும் இளஞ்சிவப்பு.

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பனிக் கணக்கு அநேகமாகத் தேவையில்லை. நுவரெலியா 1,868 மீட்டர். நீங்கள் சுமார் 600 மீட்டர் கீழே இருக்கிறீர்கள். பாயின்செட்டியா உங்கள் பக்கம் வேலியாகவே வளரும். பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்தில் டிசம்பர் என்பது மழை மாதம், ஆகவே உங்கள் எதிரி அழுகல். பாத்தியை உயர்த்துங்கள், செடிகளைத் தள்ளி நடுங்கள்.

பனி வரும் என்று தெரிந்த இரவுகளுக்கு நான் செய்வது: மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே மண்ணுக்குத் தண்ணீர், ஈர மண் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மென்மையான செடிகளுக்கு நாலு குச்சி நட்டுப் பழைய சாக்கு. பொலித்தீன் போடுவதானால் இலையில் முட்டக் கூடாது, முட்டிய இடம் கருகும். தூங்கிப்போய் மூட மறந்தால், வெயில் படுமுன் எழுந்து பூவாளியால் இலைகளைக் கழுவிவிடுவேன். மரக்கறித் தோட்டக்காரர்கள் விடியலில் தண்ணீர் அடிப்பதும் இதற்குத்தான்.

ஹோட்டன் சமவெளிப் பக்கம் போகும்போது மஞ்சளாய்ப் பூத்த முட்புதர் ஒன்றைப் பார்த்து, இதையும் ஒரு கொப்பு ஒடித்து வரலாமா என்று நினைத்தேன். உலெக்ஸ் என்பது அதன் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது, இப்போது சமவெளியின் சொந்தச் செடிகளை நெருக்கி அழிக்கிற களை. தானாகப் பரவி, பராமரிப்பே கேட்காமல், எல்லாக் குளிரிலும் பூக்கும் செடியைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

போன மார்கழியில் முப்பது நாளும் எங்கள் வாசலிலிருந்து கோவிலுக்குப் பூ போனது. பத்தொன்பது நாள் செவ்வந்தி, மிச்சம் ரோஜாவும் கமேலியாவும். அம்மா கொப்பியில் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறார், பழைய கொழுந்துக் கணக்கு மாதிரி. இப்போது இருக்கும் ஒரே தொல்லை, சுவரில் விட்ட ஓட்டை. குளிர் வெளியே போகிற அதே வழியில் பக்கத்து வீட்டுக் கோழிகள் உள்ளே வந்து பேன்சி நாற்றைக் கிளறுகின்றன. அடைத்தால் பனி தேங்கும். இந்த வாரம் கம்பி வலை வாங்கி வர வேண்டும், அரை அங்குலக் கண் உள்ளதாக.